பருந்துகளை எண்ணியவர்

நான் குடியிருக்கும் வீட்டுக்கு எதிரே ஓர் ஆந்தைக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். செம்பனை எனும் எண்ணெய்ப் பனை மரங்களுக்கு நடுவே ஓர் இரும்புக் கம்பம். அதன் உச்சியில் பலகைப் பெட்டி. நுழைய ஒரு வாசல், மழைக்கு ஒரு கூரை. பெட்டியின் முகப்பில் வெள்ளைச் சாயத்தால் 41 என்று எழுதியிருக்கிறது. எலிகள் செம்பனைப் பழத்தைக் கடித்து நாசமாக்குவதால், எலி பிடிக்க ஆந்தைகளை இப்படிக் குடியமர்த்துவது இங்குள்ள எஸ்டேட்டுகளின் வழக்கம். ஊரில் எங்கள் கூரைமேல் ஆந்தை வந்து உட்கார்ந்தால் கல்லெடுத்து விரட்டிவிட்டு, யாருக்கு என்ன ஆகப்போகிறதோ என்று ஒரு வாரம் பயந்துகொண்டிருப்போம். இங்கே அது வராவிட்டால்தான் பயப்படுகிறார்கள். காலையில் கதவைத் திறந்ததும் அந்த எண்தான் என் கண்ணில் படும். என் அறைக்கு எண் கிடையாது. எனக்கு வரும் கடிதங்கள் வீட்டுக்காரர் பெயரைச் சுமந்துகொண்டுதான் வந்து சேர்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் நான் குடிநுழைவு அலுவலகத்தில் வரிசையில் நின்று, இன்னும் ஓராண்டு இருக்கட்டுமா என்று கேட்கிறேன். ஆந்தையை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஓர் ஆந்தையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஊரில் இதை வாசிப்பவர்கள் மலேசியா என்றதும் கோலாலம்பூரின் உயரமான கட்டடங்களை நினைத்துக்கொள்வீர்கள். நான் இருப்பது அதற்குத் தெற்கே, நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானிலிருந்து கடற்கரை ஊரான போர்ட்டிக்சனுக்குப் போகும் வழியில் உள்ள ஓர் எஸ்டேட்டில். இந்த ஆந்தைகளைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்குவதற்காக வந்தேன். வேதாரண்யம் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை அடக்கத்தோடு சொல்ல எனக்கு வராது. ஆறாம் வகுப்பில் ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்கக் கையெழுத்துப் போட்டுப் பழகியவள் நான். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கையெழுத்து என்று ஒன்று இருந்ததில்லை. ரேஷன் கடையிலும் வங்கியிலும் அம்மா மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்துவாள். நான் பேனாவை எடுப்பேன்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற மண்டோர், அதாவது கங்காணி; வேலையாட்களை மேய்த்துப் பழகிய குரல் இன்னும் இறங்கவில்லை. காலையில் யாரைப் பார்த்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “பசியாறியாச்சா?” வந்த புதிதில் எனக்கு அது சுருக்கென்று தைத்தது. பசிக்கு வந்தவளா நான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காலை உணவு ஆயிற்றா என்பதை இங்கே எல்லோரும் எல்லோரிடமும் அப்படித்தான் கேட்கிறார்கள் என்று புரிய ஒரு மாதம் ஆயிற்று. அவருடைய மகள் யோகேஸ்வரி, எல்லோருக்கும் யோகேஸ். என்னைவிட மூன்று வயது இளையவள். இடைநிலைப் பள்ளியோடு படிப்பை நிறுத்திவிட்டு, எஸ்டேட்டில் குலை எண்ணும் வேலை பார்க்கிறாள். அடுத்த சில மாதங்களில் எவ்வளவு விளையும் என்று கணிக்க, ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று அண்ணாந்து காய்க் குலைகளை எண்ணிச் சொல்ல வேண்டும். மட்டைகளுக்குள் பாதி ஒளிந்திருக்கும் குலைகளை ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, “ஏழு” என்பாள். நான் ஏறிப் பார்த்தாலும் ஏழுதான் இருக்கும்.

அவளைப் பார்த்து எனக்கு என்ன பொறாமை என்று நீங்கள் கேட்கலாம். பட்டம் என்னிடம், அவளிடம் இல்லை. ஆனால் அவள் கார் ஓட்டுவாள். மலாய்க்காரரிடம் மலாயிலும், சிரம்பான் சந்தையில் மீன் விற்கும் சீனப் பெண்ணிடம் கேன்டனீஸிலும், என்னிடம் தமிழிலும், மூச்சு வாங்காமல் மாறிமாறிப் பேசுவாள். நான் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை மனசுக்குள் கட்டி, சரிபார்த்து, வெளியே விடுவதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். அவள் சட்டைப்பையில் இந்நாட்டுக் குடிமக்களுக்குத் தரும் நீல அடையாள அட்டை இருக்கிறது. அதை அவள் எங்கோ வைத்துவிட்டுத் தேடுவாள். தேடும் அளவுக்கு அதை அலட்சியமாக வைத்திருக்க முடிகிறதே என்று எனக்கு வயிறெரியும்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தஞ்சோங் துவான் என்ற கடல்முனைக்குப் பருந்து எண்ணப் போவதாக என் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு பேசிக்கொண்டது. குளிர்காலத்தைத் தெற்கே கழித்த தேன்பருந்துகள் சுமத்ராவிலிருந்து கடலைத் தாண்டி, முதலில் கால் வைக்கும் கரை அதுதானாம். எனக்கு அழைப்பு வந்தது. ஆனால் கார் யோகேஸிடம்தான் இருந்தது. ஆகவே அவளையும் கூப்பிட வேண்டியதாயிற்று. இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது. அன்றைக்கு என் நினைப்பு அப்படித்தான் இருந்தது.

இங்கே காலை ஏழு மணிக்கும் இருட்டாகவே இருக்கும். ஊரில் அப்போது மணி நாலரை. அம்மா உப்பளத்தில் இறங்கியிருப்பாள். நான் இரவல் வாங்கிய பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, யோகேஸ் 41-ஆம் எண் பெட்டிக்குக் கீழே கைப்பேசி வெளிச்சத்தில் குனிந்து, உதிர்ந்து கிடந்த செம்பனைப் பழங்களைப் பொறுக்கிக் காற்சட்டையின் வலது பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு இது?”

“கணக்குக்குத்தான்கா. இருவது பழம். பத்து எண்ணுனா ஒரு பழம் இந்தப் பாக்கெட்லேர்ந்து அந்தப் பாக்கெட்டுக்கு. எல்லாம் அந்தப் பக்கம் போச்சுன்னா எரநூறு. அம்மா ரப்பர்ல வேல பாக்கறப்பவே கொட்டைய வச்சு இப்படித்தான் எண்ணுவாங்க.”

“அங்கே அதுக்கெல்லாம் கருவி இருக்கும், யோகேஸ். அழுத்தினா எண்ணும்.”

“இருக்கட்டும் லா. கருவி பேட்ரி போச்சுன்னா?”

“அதுக்கு பேட்ரியே கிடையாது.”

“அப்ப இன்னும் மோசம்,” என்று காரைக் கிளப்பினாள். உள்ளிருந்து அவள் அம்மா கத்தினார்: “எண்ணெ கறை படிஞ்ச சிலுவார நான் தொவைக்க மாட்டேன், சொல்லிட்டேன்!” காற்சட்டையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

வழியில் ஓரிடத்தில் கடல் தெரிந்தது. தூரத்துக் குன்றின் மேல் வெள்ளையாக ஒரு கலங்கரை விளக்கம். யோகேஸ் வேகத்தைக் குறைத்தாள். “சின்னப் புள்ளையிலேர்ந்து அதப் பாத்துக்கிட்டே இருக்கேன்கா. பள்ளிக்கூடத்துல கடக்கரைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. கீழ நின்னு பாக்கலாம். மேல விட மாட்டாங்க. அது மேல ஒரு தடவ ஏறணும்.” அவ்வளவுதான் சொன்னாள். பிறகு ஒரு பலகையைத் தாண்டியதும் சிரித்தாள். “அக்கா, பாஸ்போர்ட்ட எடுங்க. மலாக்காவுக்கு வந்துட்டோம்.” வேடிக்கைக்குச் சொன்னாலும் அது உண்மை. அந்தக் கடல்முனை மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். சுற்றிலும் இருப்பது நெகிரி செம்பிலான். எங்கோ இருக்கும் ஒரு மாநிலத்தின் துண்டு இங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் சிரித்தேன். கை மட்டும் என்னையறியாமல் பைக்குள் போய், பாஸ்போர்ட் நகல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வந்தது.

காட்டுப் பாதையில் ஏறிக் குன்றின் மேல் வந்தபோது கூடாரம் போட்டு மேசைகள் வைத்திருந்தார்கள். பொறுப்பாளர் மிசஸ் லிம், ஓய்வுபெற்ற ஆசிரியை. அகலத் தொப்பி, கழுத்தில் விசில். என்னைப் பார்த்ததும் ஆங்கிலத்தில், எங்கிருந்து வருகிறாய் என்றார். இந்தியா என்றேன். இல்லை, எங்கிருந்து என்றார். தமிழ்நாடு என்றேன். தலையை ஆட்டினார், போதவில்லை என்பதுபோல. வேதாரண்யம் என்றேன், கொஞ்சம் எரிச்சலோடு. யோகேஸ் என் முழங்கையை இடித்தாள். “அக்கா, இன்னிக்குக் காலையில கார் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்குறாங்க லா. போறப்ப யாரையாச்சும் ஏத்திக்கணுமாம்.” பிறகு மலாயில் அவரிடம் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் சிரித்திருப்பார்கள் என்று முடிவு செய்துகொண்டேன்.

மிசஸ் லிம் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒருவர் கண், ஒருவர் பேனா. கண்ணாக இருப்பவர் வானத்தை விட்டுப் பார்வையை எடுக்கக் கூடாது. அவர் சொல்வதைப் பேனா எழுத வேண்டும். தாளின் அடியில் இரண்டு கோடுகள்: எண்ணியவர், உதவியவர். மதியம் மூன்று மணிக்குக் கணக்கை முடித்ததும், நன்றாக எண்ணிய நான்கு பேரை அழைத்து, அடுத்த ஞாயிறு கலங்கரை விளக்கத்தின் மேலே நின்று எண்ண அனுமதிப்பார்களாம். மற்றவர்களுக்கு மேலே இடமில்லை. யோகேஸ் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். விலங்கியல் படித்தவள் நான் என்பதால், முதல் ஒரு மணி நேரம் நானே கண்ணாக இருக்கிறேன் என்றேன்.

பத்து மணி வரைக்கும் கடல் வெறுமையாக இருந்தது. ஊரில் நான் பார்த்து வளர்ந்த கடலுக்கு மறுகரை கிடையாது. இது இரண்டு நாடுகளுக்கு நடுவே அடங்கிக் கிடந்தது. கப்பல்கள் வரிசையாக, சாலையில் லாரி போவதுபோலப் போய்க்கொண்டிருந்தன. யாரோ “வருது” என்றார்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கரும்புள்ளி. பிறகு நான்கு. பிறகு ஒரு கை கடுகை வீசினாற்போல. அவை அருகே வர வர, அவற்றின் களைப்பு தெரிந்தது. இறக்கையை அடிக்க முடியாமல் அடித்து, அலைக்கு ஓர் ஆள் உயரம் மேலே, சில அதற்கும் கீழே. பாறையைத் தாண்டியதும் நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்று அவற்றைத் தூக்கிக்கொண்டது. அடித்த இறக்கையை அப்படியே விரித்து வைத்துக்கொண்டு, எங்கள் தலைக்கு மேலே வட்டம் வட்டமாக ஏறின. பக்கத்து மேசையில் ஒருவர் கைதட்டினார். இவற்றை இங்கே கைதட்டி வரவேற்கிறார்கள்; இரண்டு மாதம் தங்கிவிட்டுப் போனாலும் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. அழகைப் பார்த்து மகிழ வேண்டிய இடத்தில் எனக்கு இப்படித்தான் தோன்றியது.

பைனாகுலரில் நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். வட்டத்துக்குள் வந்தது வெளியே போயிற்று; வெளியே போனது மறுபடி வந்ததா, இது புதியதா, தெரியவில்லை. மணி முடிந்தபோது என் எண்ணிக்கை தொண்ணூற்றேழு. மிசஸ் லிம் தன் கையிலிருந்த எண்ணும் கருவியைக் காட்டினார்: இருநூற்றுப் பதினொன்று. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. யோகேஸின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அவள் கூச்சத்தோடு இரண்டு பைகளையும் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: இருநூற்றுப் பதினாலு.

“நீ எப்ப எண்ணினே?”

“சும்மா, நீங்க எண்ணுறப்ப நானும் எண்ணுனேன்கா. கண்ணாடி வச்சா ஒண்ணுதான் தெரியும். மரத்துக் குலை மாதிரி மொத்தமாப் பாக்கணும். இந்தக் கொத்துல அஞ்சு, அந்தக் கொத்துல எட்டு. சுத்துறதுல ஒண்ணு எப்பவும் ஒளிஞ்சிருக்கும், அதையும் சேத்துக்கணும்.”

அடுத்த மணியிலிருந்து அவள் கண், நான் பேனா. மிசஸ் லிம் ஒரு சொல்லில் மாற்றினார். அண்ணாந்து நின்ற யோகேஸின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. வலது கை பைக்குள் போய் ஒரு பழத்தை எடுத்து இடது கைக்குத் தர, அது இடது பைக்குள் போயிற்று. வெயில் ஏற ஏற, பழங்கள் கசிந்து அவள் விரல்களெல்லாம் ஆரஞ்சு நிறமாயின. மற்ற மேசைகளிலிருந்து ஆட்கள் வந்து அவள் எண்ணுவதை வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் காணொளி எடுத்தார். நான் அருகில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, கோடியக்கரைக்குப் பூநாரை பார்க்க வந்தவர்களின் ஜீப் ஒன்று எங்கள் உப்பளத்து வரப்பில் நின்றது. என் வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். காலில் காலணி, கழுத்தில் சின்ன பைனாகுலர். நான் அம்மாவோடு பாத்தியில், முழங்கால் வரை வெள்ளை படிந்து நின்றேன். நாள் முழுக்க என் கண்ணெதிரே நின்ற பூநாரைகளை அவள் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, “ஹவ் பியூட்டிஃபுல்” என்று கத்தினாள். அதுவரை அவை அழகு என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுச் சாமானைத் திருடிக்கொண்டு போகிறவளைப் பார்ப்பதுபோல நான் அவளைப் பார்த்தேன். அந்தப் பொறாமையில்தான் படித்தேன் என்று சொன்னால் மிகையில்லை. அதே ஜீப்பில் வந்த ஆராய்ச்சிக்காரர் ஒருவர் அதற்குப் பிறகு இரண்டு பருவங்கள் வந்தார். பாத்தித் தண்ணீர் எந்த நாளில் எவ்வளவு வற்றும், அப்போது நாரைகள் எந்த மூலைக்குப் போகும் என்று அம்மாதான் அவருக்குக் காட்டிக் கொடுத்தாள். பல ஆண்டுகள் கழித்து, கல்லூரி நூலகத்தில் அவருடைய ஆய்வேட்டைக் கண்டுபிடித்தேன். அம்மா சொன்னதெல்லாம் அதில் இருந்தது. அம்மா ஓரிடத்தில் இருந்தாள், இப்படி: ‘உள்ளூர்ப் பெண் ஒருவர்’. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு நான் கழிவறைக்குப் போய் அழுதேன்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான், மூன்று மணிக்குத் தாளை முடிக்கும்போது, எண்ணியவர் என்ற கோட்டில் என் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். உதவியவர் என்ற கோட்டில் யோகேஸின் பெயர். காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆய்வு செய்கிறவள் நான். தாளில் பெயர் இருந்தால் எனக்குப் பயன்படும். இவளுக்கு என்ன பயன்? கலங்கரை விளக்கத்தின் மேலே நான் நின்றால் என் வழிகாட்டியிடம் சொல்லலாம். எப்போதும் போல அழகாகவே எழுதினேன். யோகேஸ் குனிந்து, தாளின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, மொத்தம் சரியா என்று ஒரு நொடி பார்த்தாள். “எண்ணூத்து முப்பத்தாறு. சரிதான்கா,” என்றாள். நான் கைப்பேசியில் தாளைப் படம் எடுத்துக்கொண்டு, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

தாள் கொடுக்க நின்ற வரிசையில் நாற்பது பேர். யார் முகம், யார் பெயர் என்று மிசஸ் லிம்முக்கு நினைவில் நிற்குமா? அவர் தாளைப் பார்த்தே நான்கு பெயர்களை வாசித்தார். மூன்றாவது என்னுடையது. ‘முத்துலட்சுமி’ என்பதை நான்கு துண்டாக உடைத்து வாசித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியது யோகேஸ். விசில்கூட அடித்தாள்.

திரும்பும் வழியில் கடற்கரையோரக் கடை ஒன்றில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு வாங்கித் தின்றோம். அவள் கைகழுவப் போனபோது, அம்மாவுக்கு அனுப்பலாம் என்று அந்தத் தாளின் படத்தைத் திறந்தேன். எண்ணியவர்: என் பெயர், பக்கத்தில் என் கையெழுத்து, நோட்டுப் புத்தகம் முழுக்கப் போட்டுப் பழகிய அதே வளைவுகளோடு. அதற்கு நேர் மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, வட்டம் வட்டமாக, ஒரு கோடும் கலையாமல். மைப்பெட்டியில் அழுத்தி எடுத்தாற்போல. இதை அம்மாவுக்கு அனுப்பினால் அவளுக்கு என் பெயரைப் படிக்கத் தெரியாது. ரேகையைத்தான் பார்ப்பாள். யாரோ தன்னைப் போன்ற ஒருத்தியின் கணக்கு இது என்று நினைத்துக்கொள்வாள். சரியாகவே நினைத்துக்கொள்வாள்.

யோகேஸ் வந்து உட்கார்ந்து கார்ச் சாவியை எடுத்தாள். “யோகேஸ், எண்ணியவர்னு என் பேரைப் போட்டுட்டேன்,” என்றேன்.

“தெரியும்.”

“எப்போ?”

“மொத்தத்தப் பாக்கறப்பவே பாத்துட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?”

“அப்புறம் ஏன் கைதட்டினே?”

அவள் சாவியை மேசைமேல் வைத்தாள். “நீங்க ஒரு மாதிரி நின்னீங்கக்கா. அது கெடைக்கலன்னா உடைஞ்சுருவீங்க போல இருந்துச்சு. சரி, எடுத்துக்கட்டும்னு விட்டேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட இந்த ஊரில் ஒருத்தி இருக்கிறாள், அவள் எனக்குக் கார் ஓட்டுகிறவள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. “திரும்பிப் போ,” என்றேன்.

“அலமாக்! மணி என்னா தெரியுமா? அவங்க கெளம்பிருப்பாங்க.”

“போ யோகேஸ்.”

மறுபடி அந்தக் காட்டுப் பாதை. இப்போது மூச்சு வாங்கியது. மேலே கூடாரத்தை மடித்துக் கொண்டிருந்தார்கள். மிசஸ் லிம்மிடம் சொல்ல நான் மனசுக்குள் கட்டி வைத்திருந்த ஆங்கில வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. ‘நான் எண்ணவில்லை, இவள் எண்ணினாள்’ என்பது மட்டும் வந்தது. அவர் வேறெதுவும் கேட்கவில்லை. பெட்டியிலிருந்து தாளைத் தேடி எடுத்து, அளவுகோல் வைத்து என் பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். யோகேஸின் பெயரை அவளையே எழுதச் சொன்னார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். திருத்தம் செய்தால் திருத்தியவர் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் விதி என்றார். அடிக்கப்பட்ட என் பெயருக்குப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். பல படிவங்களில் பெருமையாகப் போட்டிருக்கிறேன். இவ்வளவு மெதுவாக ஒரு நாளும் போட்டதில்லை.

எஸ்டேட் மண்சாலையில் திரும்பியதும் யோகேஸ் சொன்னாள்: “அடுத்த ஞாயித்துக்கெழம மேல எனக்குப் பேனா புடிக்க ஆளு வேணும். அழகா எழுதுறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.”

“மேலே நாலு பேருக்குத்தானே இடம்?”

“ஆமாவுல்ல. அப்ப நீங்க கீழ நில்லுங்க. நான் மேலேர்ந்து கத்துறேன்.”

“நிக்கிறேன்,” என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பையைத் துழாவி, மிச்சமிருந்தவற்றில் ஒரு செம்பனைப் பழத்தை என் மடியில் போட்டாள். “முப்பத்தாறுல கடைசி ஆறு. பத்து ஆகல, அதனால இதை அந்தப் பக்கம் மாத்தல. வச்சுக்குங்க.”

ஏழரை மணிக்கும் வெளிச்சம் மிச்சமிருந்தது. ஊரில் ஐந்து, அம்மா உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவியிருப்பாள். கூப்பிட்டேன்.

“எங்கடி போன?”

“பருந்து பாக்க, அம்மா.”

“பருந்தா? அதப் பாக்கவா அவ்ளோ தூரம் போயிருக்க? இங்க கருவாட்டத் தூக்கிட்டுப் போவுது, வெரட்டி முடியல.”

“இது வேற பருந்து.”

“எல்லாம் ஒண்ணுதான். சரி, எத்தன பாத்த?”

எண்ணூற்று முப்பத்தாறு என்று சொல்ல வாய் எடுத்தேன். “எனக்கு எண்ணத் தெரியலம்மா. கூட வந்த பொண்ணு எண்ணுனா. யோகேஸ்வரின்னு பேரு,” என்றேன். அம்மா அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பொறாமை தீர்ந்துவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. உள்ளே யோகேஸ் தன் அப்பாவிடம், கலங்கரை விளக்கத்தின் மேலிருந்து எது எது தெரியும் என்று இப்போதே ஏறி நின்றவள் போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் “சாப்பிட்டுட்டுப் பேசு லா” என்று அதட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த அதட்டலின் மேலும் பொறாமையாக இருந்தது. எதிரே 41-ஆம் எண் பெட்டியின் வாசலில் ஆந்தை வந்து நின்று, தன் இடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் பறந்து போயிற்று. நான் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு நானும் இரண்டு பைகள் வைத்த காற்சட்டைதான் போட்டிருந்தேன். யோகேஸின் கணக்குப்படி வலது பையில் இருப்பது இன்னும் எண்ணாதது. இடது பையில் இருப்பது எண்ணி முடித்தது. அந்த ஒரு பழத்தை எதில் போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். எண்ணெய் கசிந்து, என் கட்டைவிரலும் மெல்ல ஆரஞ்சு நிறமாகிக்கொண்டிருந்தது.